மன்னாருக்கு அனுப்பும் இணையதளம்

படகு எஞ்சின் கம்பெனிக்காரர்களே, நீங்கள் ஆளைக் கேட்காமலே அவன் நாட்டை மாற்றுகிறீர்கள்.

தனுஷ்கோடி மணலில் நிற்கிறேன். வெயில் சாய்கிறது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிட, வள்ளங்கள் ஆகாயத்தில் மிதக்கிற மாதிரி இருக்கின்றன. மீனவர் சேவியர் அண்ணனின் வள்ளத்தில் எஞ்சினின் தண்ணீர் பம்ப் உடைந்துவிட்டது. பெரிய விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாளில்தான் இந்தச் சின்ன வள்ளங்களுக்கு முறை. நாளை அந்த முறை. ராமேஸ்வரத்தில் பம்ப் இல்லை. வேறு எங்கே கிடைக்கும் என்று உங்கள் கம்பெனியின் தளத்தில் போனில் தேடுகிறார். காற்றில் மிதந்து வரும் இலங்கை சிக்னலைப் பிடித்துக்கொண்டு, அவர் அக்கரையில் நிற்பதாகப் போன் நம்புகிறது. தளத்தில் இலங்கைக்கான பக்கம் மட்டுமே திறக்கிறது. நாட்டை மாற்ற வழியே இல்லை. என் போனிலும் அதே கதை.

"பாத்தீகளா தம்பி, அக்கரையில மன்னாருல கடை இருக்காம், வாங்கன்னு கூப்புடுது. போனா பம்பா குடுப்பான்? இலங்கை நேவிக்காரன் வெலங்குதான் மாட்டுவான்!"

"இப்ப என்ன செய்வீக?"

"என்ன செய்ய? நாளைக்கு எல்லாரும் கடலுக்குப் போறத இங்கன நின்னு பாக்க வேண்டியதுதான்."

இரண்டு நாட்டிலும் எஞ்சின் விற்கிறீர்கள். தான் நிற்கிற நாட்டை இந்த மனிதரே சொல்ல ஒரு பொத்தான் ஏன் வைக்கவில்லை? உங்கள் தளத்தின் முதல் பக்கத்தில், இரு கரையும் படிக்கும்படி பதில் போடுங்கள்.