ஐந்து பேருக்கு நல்ல வண்டி

கார் வாங்கப் போகிறவர்கள் வண்டியைக் காலியாகத்தான் பார்ப்பார்கள். கதவைத் திறந்து மூடுவார்கள், ஹாரனை அமுக்குவார்கள், மெத்தையைக் குத்திப் பார்ப்பார்கள், முடிந்தது. வேதமாணிக்கத்துக்கு அது பிடிக்காது. ஆள் ஏறாத வண்டி எதையும் ஒளித்துவைத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அதனால் பழைய வண்டி பார்க்க யார் கூப்பிட்டாலும், வீட்டில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் என்ன எடை என்றுதான் முதலில் கேட்பார். அந்த எடைக்கு ஆளுக்கொரு சாக்கில் கரமனை ஆற்று மணலை நிரப்புவார். சாக்கின் மேல் கரியால் பெயர் எழுதுவார். அவரவர் உட்காரப்போகும் இடத்தில் மூட்டைகளை உட்கார்த்தி, கயிறு போட்டு இறுக்கி, நெடுமங்காடு வழியாக வித்துரா வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்புவார்.

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு அந்தக் காட்சி கண்ணைவிட்டுப் போகவில்லை. நாற்பத்தாறு வயது மனிதர். வண்டிக்குள் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. அதில் மூச்சு விடுகிறவர் அவர் ஒருவர்தான்.

நெய்யூர்ப் பக்கத்துக்காரர். மனைவி செல்லபாயும் கைக்குழந்தையும் ஒரே வாரத்தில் காலராவில் போனபிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் திருவனந்தபுரம் வந்தார். ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் ஒன்பது வருஷம் டிரைவர். டாக்டர் கப்பலேறியதும், பாளையத்தில் ஒரு ஒற்றை அறையை எடுத்துக்கொண்டு வண்டி பார்த்துச் சொல்கிற வேலைக்கு வந்துவிட்டார். அந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. வண்டி நல்லதென்று சொன்னால், வாங்கினவர்களுக்கு அதன்பிறகு அவர் தேவையில்லை. கெட்டதென்று சொன்னால், விற்க வந்தவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இத்தனை வீடுகளின் ஆள் எடை தெரிந்த மனிதரை எந்த வீட்டுக்காரர்களும் மறுபடி கூப்பிட்டதில்லை.

1936இல் ஹஜூர் கச்சேரியில், அதாவது திவானின் தலைமைச் செயலகத்தில், உத்தியோகஸ்தரான சாம்பசிவன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கோட்டைக்குள் இருந்த குடும்பம் அப்போதுதான் தைக்காட்டில் வீடு கட்டிக் குடிவந்திருந்தது. வீட்டோடு கார் ஷெட், ஷெட்டை ஒட்டி ஒரு அறை. வண்டி இன்னும் வரவில்லை.

"மாசம் ஒரு தரம் எல்லாருமா சுசீந்திரம் போகணும், அது வேண்டுதல்" என்றார் சாம்பசிவன். "வேலாயுதன்கிட்ட ஒரு பன்னெண்டு குதிரை சக்தி கார் வந்திருக்கு. நாலு கதவு, மேலே கூடு போட்டது. ரொம்பப் பெருசும் இல்லே, சின்னதும் இல்லே. நீர் பார்த்து நன்னாருக்குன்னு சொன்னா வாங்கிடலாம். அப்புறம் இன்னொண்ணு. நீரே ஓட்டவும் செய்யலாமே? ஷெட்டுப் பக்கத்து ரூம் சும்மாத்தானே கிடக்கு."

வேதமாணிக்கம் ஷெட்டுப் பக்கத்து அறையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "முதல்ல வண்டியைப் பாப்போம் சாமி. வீட்டில எத்தன பேரு? எடை சொல்லணும்" என்றார்.

உள்ளேயிருந்து சாம்பசிவனின் விதவை அக்கா அனந்தலக்ஷ்மி குரல் கொடுத்தாள். "எடையா? மனுஷாளை எடை போடறதாவது. துலாபாரத்துக்கு உக்காருவேன், அது பகவானுக்கு. காருக்கெல்லாம் தட்டுல ஏறமாட்டேன், கேட்டியா சாம்பு?"

"கண்ணு பட்டுடும்" என்று சாம்பசிவனின் மனைவி பாகீரதியும் சேர்ந்துகொண்டாள். "குழந்தேளை வேற எடை போடப்படாது."

வேதமாணிக்கம் வாசலிலிருந்தே கேட்டார். "துலாபாரம் கடைசியா எப்பக் குடுத்திய அம்மா?"

"போன பங்குனியிலே. நாங்க எல்லாருமே குடுத்தோம். கதலிப்பழம்."

"எத்தன ராத்தல் பழம் ஆச்சு?"

பாகீரதி சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னாள். "அக்காவுக்கு நூத்தி அறுபத்திரெண்டு. கோவில்ல இருந்த பழம் போறாம மறுபடி சாலைக் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பினா."

"அதைத்தான் ஊர் முழுக்கப் பரையணுமா?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

இப்படி ஐந்து பேர் எடையும் வந்துவிட்டது. சாம்பசிவன், பாகீரதி, அனந்தலக்ஷ்மி, பதிமூன்று வயது மூத்தவள் கோமதி, ஏழு வயதுச் சின்னவள் குஞ்சு. குஞ்சு அறுபது ராத்தல்கூட இல்லை. அவள் வாசல் தூணைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே வேதமாணிக்கத்தைப் பார்த்தாள்.

"நீங்கதான் எங்காத்து டிரைவரா?"

"வண்டி நல்லாருந்தா."

"ஸ்கூல் நாலு மணிக்கு விடும். மழை பெஞ்சாலும் வருவேளா?"

"மழை பெஞ்சாத்தானே பிள்ளே வரணும்."

அன்று மாலை கரமனையில் மணல் அள்ளும்போது அந்த ஒரு பேச்சைத்தான் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் குஞ்சுவின் சாக்கை மட்டும் மூன்று தரம் அவிழ்த்து எடையைச் சரிபார்த்திருக்கிறார்.

வேலாயுதன் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். வண்டி உண்மையிலேயே நல்ல வண்டி. கறுப்பு, உள்ளே பழுப்புத் தோல் மெத்தை. முன்னால் இரண்டு தனித்தனி இருக்கை, பின்னால் மூன்று பேருக்கு நீள இருக்கை. வேதமாணிக்கம் அடியில் படுத்து ஒரு மணி நேரம் பார்த்தார். எஞ்சின் சுத்தம். கியர் வெண்ணெய். பின்பக்கம், குலுக்கலைத் தாங்குகிற வில்பட்டை தொங்கும் இடத்தில் சட்டத்துக்கு ஒரு பழைய ஒட்டுப் போட்டிருந்தது. ஒழுங்காகப் போட்ட ஒட்டு. ஆனால் இன்னும் பாரம் ஏற்றினால் தாங்காத ஒட்டு.

முதல் ஓட்டத்தில் அவரே சாம்பசிவன். பக்கத்தில் கோமதி மூட்டை. பின்னால் பாகீரதி, குஞ்சு, அனந்தலக்ஷ்மி மூட்டைகள். வண்டி நெடுமங்காடு தாண்டி மேட்டில் ஏறியது, வளைவில் வளைந்தது, பள்ளத்தில் இறங்கி எழுந்தது. ஒரு முனகல் இல்லை. வித்துரா டீக்கடை முன்னால் நிறுத்தினபோது அவர் முகத்தில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் கேட்டார்: "எந்தா மேஸ்திரி, குடும்பத்தோட வந்திருக்கீரே. அவங்களுக்குச் சாயா வேண்டாமோ?"

"அவிய குடிக்க மாட்டாங்க."

"ஒரு பேச்சு, ஒரு சண்டை, ஒண்ணுமில்லையே. நல்ல குடும்பம். உம்மதா?"

"வேற ஆளுக்க குடும்பம்" என்றார் வேதமாணிக்கம்.

அடுத்து இரண்டாவது ஓட்டம். டிரைவர் வைத்துக்கொண்டால் எப்படி உட்காருவார்களோ அப்படி. இப்போது அவர் வேதமாணிக்கம்தான். காலியாகக் கொண்டுவந்திருந்த சாம்பசிவன் சாக்கை வித்துரா ஆற்று மணலால் நிரப்பி, பக்கத்துக் கடைத் தராசில் எடை பார்த்து, முன்னால் தம் பக்கத்தில் வைத்தார். கோமதி மூட்டைக்கு முன்னால் இடமில்லை, பின்னால் போனது. பின் இருக்கையில் நான்கு மூட்டை. பொன்முடிச் சாலையின் மூன்றாவது வளைவில் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ துணியைக் கிழிக்கிற மாதிரி. நிறுத்தி இறங்கிப் பார்த்தார். பின் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் கருகின வாடை.

சரி, இடம் மாற்றிப் பார்க்கலாம் என்று நினைத்தார். அனந்தலக்ஷ்மி மூட்டையை நடுவில் வைத்து ஓட்டினார். உரசியது. சாம்பசிவன் மூட்டையைப் பின்னுக்கு அனுப்பி, பாகீரதியையும் குஞ்சுவையும் முன்னால் ஒரே இருக்கையில் நெருக்கிக் கட்டி ஓட்டினார். அப்போதும் உரசியது. மூட்டைகளைத் தூக்கித் தூக்கித் தோளெல்லாம் மணல். சாலையில் போன எஸ்டேட் கூலிக்காரப் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அவர் செய்ததைத்தான் என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை. தம் செருப்பைக் கழற்றினார், ஸ்பானர்ப் பையை எடுத்தார், சட்டையைக்கூடக் கழற்றினார், எல்லாவற்றையும் சாலையோரம் கல்மேல் வைத்துவிட்டு வெறும் உடம்போடு ஏறி அந்த வளைவை மறுபடி ஓட்டிப் பார்த்தார். எவ்வளவு குறைந்திருக்கும்? ஆறு ராத்தல்? ஏழு? அவருக்குத் தெரியாத கணக்கா அது?

உரசியது.

வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது வேலாயுதன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "இதுக்கா முகம் வாடணும்? வில்லுல ரெண்டு பட்டை கூடப் போட்டுத் தரேன். உயந்து நிக்கும். உரசாது. உமக்கு வேலையாச்சு, எனக்கு வண்டி போச்சு. கொள்ளாம் அல்லே?"

"பட்டை போட்டா பாரம் அந்த ஒட்டில போய் நிக்கும். ஒரு வருஷம் தாங்கும். அதுக்குப் பொறவு?"

"ஒரு வருஷம் கழிச்சு ஆரு இருக்கா, ஆரு போறா, நமக்கென்ன தெரியும்?"

"பின்னால உக்காருகது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் வேதமாணிக்கம்.

மறுநாள் காலை தைக்காட்டு வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அனந்தலக்ஷ்மிகூட கதவருகில் நின்றாள்.

"சொல்லும் ஓய்" என்றார் சாம்பசிவன்.

வண்டி மோசம் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் பெரிய வண்டி ஒன்று என்றைக்காவது வரும், அதில் தமக்கும் இடமிருக்கும். பாளையத்திலிருந்து நடந்துவரும் வழியெல்லாம் அதை அவர் நினைத்துப் பார்த்திருப்பார். நினைக்காமல் இருக்க அவர் என்ன மரமா?

"அஞ்சு பேருக்கு நல்ல வண்டி சாமி. பத்து வருஷம் ஓடும். எஞ்சினில ஒரு குறை இல்லை. ஆனா அஞ்சு பேருதான். ஆறாமத்த ஆளு ஏறினா பின்டயர் உரசும். மலைச்சாலையில டயர் வெடிக்கும்."

"ஆறாவது ஆளா? நாங்க அஞ்சு பேர்தானே" என்றார் சாம்பசிவன். சொல்லிவிட்டுத்தான் அவருக்குப் புரிந்தது. "ஓ, நீர்."

"ஆமா சாமி."

சாம்பசிவன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். மூன்று நான்கு விநாடி வருத்தமாகத்தான் இருந்தது அவர் முகம். பிறகு மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "மெட்ராஸ்ல இருக்கறச்சே சிநேகிதன் வண்டியை ஓட்டியிருக்கேன், தெரியுமோ? லைசென்ஸ் எடுத்துட்டா நானே ஓட்டிடலாம். பாகீ, என்ன சொல்றே?"

"உங்களுக்கு ஆசைன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் பாகீரதி.

"இவன் ஓட்டினா நான் கண்ணை மூடிண்டு வருவேன்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

எல்லோரும் சிரித்தார்கள். வேதமாணிக்கமும் சிரித்தார். சுசீந்திரம் மாசத்தில் ஒரு நாள். மீதி நாளெல்லாம் ஊருக்குள் ஓட்ட ஒரு ஆள் வேண்டாமா? கச்சேரிக்கு ஒருவர், பள்ளிக்கூடத்துக்கு இருவர், அதற்கு இந்த வண்டி தாராளம். அந்த வார்த்தை சாம்பசிவன் வாயிலிருந்து வரும் என்று அவர் நின்றுகொண்டிருந்தார். தாமாகக் கேட்க வாய் வரவில்லை. அதைக் கேட்டது குஞ்சுதான்.

"அப்போ நாலு மணிக்கு யாரு வருவா?"

"அக்கா கோமதியோட ஸ்கூல்லயே இரு. அஞ்சு மணிக்குக் கச்சேரி விட்டதும் நானே வந்து கூட்டிண்டு போறேன்" என்றார் சாம்பசிவன். "நானே ஓட்டறச்சே தனியா டிரைவர் எதுக்கு? ஷெரிதானே வேதமாணிக்கம்?"

"ஷெரிதான் சாமி."

லைசென்ஸ் கைக்கு வர ஒரு மாசம் ஆயிற்று. வண்டியைப் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். சாலைக் கடைத்தெரு நெரிசலில் ஓட்ட சாம்பசிவனுக்குத் தைரியம் வரவில்லை. கோவில்வரை கொண்டுவந்து விட வேதமாணிக்கத்தைக் கூப்பிட்டார்கள். ஒரு வீடு அவரை இரண்டாம் தரம் கூப்பிட்டது அதுதான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். யாரும் ஏறாத வண்டியை ஓட்டிவந்து கோவில் முன்னால் நிறுத்தினார். மாலை போட்டார்கள், சந்தனம் தொட்டார்கள், காய் உடைந்தது.

அவர் இறங்கினார். சாம்பசிவன் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார். "எட்டலையே ஓய்."

வேதமாணிக்கம் மண்டியிட்டு இருக்கையை இரண்டு பல் முன்னுக்குத் தள்ளி மாட்டினார். ஐந்து பேரும் உட்கார்ந்தாயிற்று. நாலு கதவும் சாத்தியாயிற்று. வண்டி குலுங்கி, முனகி, நகர்ந்தது. இருபதடி போவதற்குள் அவருக்குச் சுட்ட வாடை அடித்தது. சாம்பசிவன் கைபிரேக்கை எடுக்கவில்லை.

"சாமி, பிரேக்கு" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினார். கையை வீசி வீசி ஓடினார். பின் கண்ணாடியில் குஞ்சுவின் முகம் தெரிந்தது. தனக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்து அவளும் கை காட்டினாள். அப்பாவிடம் ஏதோ சொன்னாள். சாம்பசிவன் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"கைபிரேக்கு சாமி, கைபிரேக்கு."

சாம்பசிவன் குனிந்தார். கட்டு அவிழ்ந்த மாதிரி வண்டி சட்டென்று துள்ளி, சத்தமில்லாமல், நல்ல வண்டி எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று. கோட்டை வாசலில் திரும்பும்வரை குஞ்சு கை காட்டிக்கொண்டிருந்தாள். அவரும் காட்டினார்.

மூச்சு வாங்கியது. காய் உடைக்க அடுத்த ஆட்கள் காத்திருந்தார்கள்.

"தள்ளி நில்லும் ஓய்" என்றார் ஒருவர். "சில்லு தெறிக்கும்."

வேதமாணிக்கம் தள்ளி நின்றார்.