மேஸ்திரி வீட்டு மாடியும் ஒரு கைதட்டலும்

போன வாரம் பேரனுக்கு முதல் மொட்டை போடத் திருப்போரூர் போயிருந்தோம். பிள்ளை அழுது ஓய்ந்து என் தோளில் சாய்ந்தபோது, அந்தச் சின்னத் தலையில் பூசிய சந்தன வாசனை மூக்கில் ஏறியது. கந்தசாமியைக் கும்பிட வந்த இடத்தில் மனம் கும்பிடுவதை விட்டுவிட்டு எங்கேயோ ஓடிவிட்டது. உங்களுக்கும் அப்படி ஆகுமோ என்னவோ. எனக்கு மொட்டைத் தலைச் சந்தனம் என்றால் சாமிக்கு முன்னால் கிரிக்கெட் ஞாபகம் வந்து நிற்கிறது. முருகன்தான் மன்னிக்க வேண்டும்.

அப்போது நான் பெயிண்டர். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் அதை விட்டேன் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறேன், அது வேறு கதை. செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த ஏழுமலை மேஸ்திரியிடம் நாங்கள் ஐந்தாறு பேர். காலையில் வேனில் ஏறினால் கேளம்பாக்கம். அங்கே எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளுக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடிப்போம். தேய்க்கும்போது பறக்கிற வெள்ளைத் தூள் தலையில் படிந்து, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எல்லோரும் கிழவர்கள்.

அந்தக் கூட்டத்தில் யோகன் மட்டும் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த இலங்கை அகதி முகாமிலிருந்து வருவான். மன்னாரிலிருந்து படகில் தூக்கி வந்தபோது அவனுக்கு நாலு வயதாம். வளர்ந்ததெல்லாம் இங்கே, அதனால் பேச்சும் நம் பேச்சுதான். "இன்னா அண்ணாத்த, பிரஷ்ஷக் கழுவாம வச்சிகினுகீற?" என்று என்னையே அதட்டுவான். முகாமுக்குள் போய் அவன் அப்பா கூப்பிட்டால் மட்டும் "ஓம் அப்பா, வாறன்" என்று வேறு தமிழ் வரும்.

அவன் குடியிருந்தது ஒரே அறை. அப்பா, மனைவி, தர்சினி என்ற சின்ன மகள், எல்லோரும் அதற்குள்தான். மழை வந்தால் பாத்திரங்களெல்லாம் தரையில் வந்து உட்காரும். மனைவிக்கு எட்டாவது மாதம். அனுமதி வாங்கி முகாமுக்கு வெளியே தங்கலாம்தான். ஆனால் முகாம்காரன் என்றதும் எந்த வீட்டுக்காரரும் வாசலோடு அனுப்பிவிடுவார். கடைசியில் எங்கள் மேஸ்திரியே இறங்கி வந்தார். அவர் வீட்டு மாடி காலியாக இருந்தது.

"மாடி உனக்குத்தான்டா. ஃபைனல் அன்னிக்கு குடும்பத்தோட வா, எங்ககூட உக்காந்து மேட்ச் பாரு. தெரு ஜனம் உங்களப் பாத்து வச்சிக்கட்டும்."

ஃபைனல் யாருக்கும் யாருக்கும் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும்தான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரிய ஆட்டத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்து முருகன் படத்தடியில் வைப்போம். நினைத்தது நடந்தால் திருப்போரூரில் மொட்டை. அவரவர் முடிச்சு அவரவர் மனசு, என்ன நினைத்தாய் என்று கேட்கக் கூடாது. அந்த முறை யோகனும் முடிந்தான். "சிலோனு எந்த டீமுக்கு முடியறானோ" என்று ஒருத்தன் குத்தினான். யோகன் சிரித்தான். நான் இந்தியாவுக்கு முடிந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஆட்டத்தன்று மேஸ்திரி வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. தர்சினி நீலச் சட்டையில் முன்வரிசை. யோகனின் அப்பா செல்லையா பெரியவர் வாசற்படி ஓரமாக உட்கார்ந்தார். முதலில் இலங்கை ஆட்டம். ஒருத்தன் முட்டி போட்டு இழுத்து அடித்தான், பந்து நாலுக்குப் போனது. கூடமே வாயை மூடிக்கொண்டிருந்தபோது வாசற்படியில் ஒரே ஒரு கைதட்டல்.

மேஸ்திரி திரும்பினார். "இன்னா பெருசு, யாருக்குத் தட்டற?"

"வடிவான அடி தம்பி."

"அவனுங்கதான உன் வூட்டக் கொளுத்துனானுங்க?"

"கொளுத்தினவங்கள் வேற. ஊர் எங்கட ஊர்தானே." பெரியவர் சாதாரணமாகத்தான் சொன்னார், யாரோ வழி கேட்டதற்குச் சொல்வதுபோல.

யோகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தர்சினிதான் எழுந்து, "தாத்தா, நீ கம்முனு கீ. எங்க டீம் தோத்துடப் போவுது" என்றது. கூடம் சிரித்தது.

பெரியவர் கொஞ்ச நேரத்தில் வெளியே எழுந்து போனார். போனதும் மளமளவென்று நாலும் ஆறும். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார், விக்கெட் விழுந்தது. மறுபடி தண்ணீர் குடிக்கப் போனார், மறுபடி ஆறு. மேஸ்திரிக்குச் சகுனம் பிடிபட்டுவிட்டது.

"பெருசு, அங்கயே உக்காரு. எந்திரிச்ச, அவ்ளோதான்."

அப்புறம் அந்த மனுஷனை அசையவிடவில்லை. டீ, பஜ்ஜி, சோறு எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வந்தது. இலங்கை ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறவரைப் பிடித்து வைத்து இந்தியாவை ஜெயிக்க வைத்துக்கொண்டிருந்தோம். "தம்பி, கால் மரத்துப் போச்சு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நானும் பாவி, "கொஞ்சம் பொறுங்க பெரியவரே, இன்னும் ரெண்டு ஓவர்" என்றேன்.

இந்தியா ஜெயித்தது. மேஸ்திரி பெரியவரைக் கட்டிப் பிடித்து, "எல்லாம் பெருசு உக்காந்த ராசி" என்று வாயில் லட்டைத் திணித்தார். அதைப் பார்த்து யோகன் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். மாடி கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் திருப்போரூரில் மொட்டை. குளத்தில் முங்கி எழுந்து சந்தனம் பூசும்போது மேஸ்திரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீ சொல்லிடுப்பா அவன்கிட்ட. மாடிய மச்சினிச்சிக்குக் குடுக்கறதா ஆயிப்போச்சு."

"அவங்களுக்கு மாமண்டூர்ல சொந்த வூடு கீதே மேஸ்திரி."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "பெருசு தட்டுனது தப்புன்னு நான் சொல்லல. தெருவுல கேக்கறாங்கப்பா. நாளைக்கு இன்னொரு மேட்ச் வரும், என் வூட்டு மாடியில கைதட்டு கேக்கும். நான் இன்னா பதில் சொல்றது?"

அவர் கெட்டவர் இல்லை. பின்னால் யோகன் மனைவிக்கு வலி எடுத்தபோது கொட்டுகிற மழையில் வண்டி பிடித்துக்கொண்டு ஓடினவரும் அவர்தான். ஆனாலும் மாடியைக் கொடுக்கவில்லை.

குளத்துப் படியில் உட்கார்ந்திருந்த யோகனிடம் சொன்னேன்.

"நான் மேட்சுக்கு முடியல அண்ணாத்த. வூட்டுக்குத்தான் முடிஞ்சேன்."

"அப்ப ஏண்டா மொட்ட போட்ட? கெடச்சப்புறம் போடக் கூடாதா?"

"கெடச்சிட்ச்சின்னு நெனச்சிட்டேன்."

இந்தப் பதிலோடு நான் சன்னதிக்குள் போனேன். என் வேண்டுதல் நிறைவேறிவிட்டது, நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் அந்தச் சன்னதியில் என்னால் நிம்மதியாகக் கண்ணை மூட முடிவதில்லை. ஒரே முருகன், ஒரே படத்தடியில் இரண்டு முடிச்சு. எங்களுக்கு ஒரு கோப்பை வந்த அன்றைக்கு அவனுக்கு ஒரு கூரை வரவில்லை. முருகனைக் குறை சொல்லவில்லை. தூக்கம் வராதபோது கேட்கிறேன், அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்துப் பெரியவர், "கண் மூட முந்தி எங்கட வீட்டு வளவைப் பாக்கோணும்" என்று இலங்கைக்கே திரும்பிப் போக எழுதிக் கொடுத்தார். அவர் பின்னாலேயே யோகனும் குடும்பத்தோடு கிளம்பினான். இங்கே நனைவதற்கு அங்கே நனையலாம் என்றான். தர்சினி என் வீட்டு வாசலில் நின்று அழுதது: "நான் வரல மாமா. நான் இங்கதான பொறந்தேன். அங்க எனக்கு யாரத் தெரியும்?" என் மனைவி திருநீறு வைத்து அனுப்பினாள். வேறென்ன செய்ய முடியும்?

முகாம் அறைகளை இடித்துவிட்டார்கள். மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். கூடம் நிறைய உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதும் போயிற்று. என் வீட்டிலேயே ஆளுக்கொரு போன். திருப்போரூரிலிருந்து வந்த அன்று மனசு கேட்காமல் மன்னாருக்குப் போன் போட்டேன். தர்சினி எடுத்தாள்.

"மாமா, சுகமா இருக்கிறியளா?"

குரல் அவளுடையது, பேச்சு செல்லையா பெரியவருடையது. "இன்னாம்மா, ஒரேயடியா மாறிட்ட" என்றேன்.

"இஞ்ச உங்கட மாதிரிக் கதைச்சாச் சிரிக்கினம் மாமா."

சும்மா இருந்திருக்கலாம். அடுத்த வாரம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆட்டம் இருக்கிறதே, பார்ப்பாயா என்று கேட்டுவிட்டேன்.

"நான் கிரிக்கெட் பாக்கிறேல்ல. பாத்தா, யாருக்குக் கை தட்டுறன் எண்டு எல்லாரும் என்ர முகத்தையே பாக்கினம். நான் இப்ப வலைப்பந்து விளையாடுறன் மாமா, பள்ளிக்கூட டீம்ல."

நல்லாயிரும்மா என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்புறம் மகளிடம் வலைப்பந்து என்றால் என்ன, எப்படி ஆடுவார்கள் என்று கேட்டேன். தெரியாதுப்பா, இந்தப் பக்கம் யாரும் ஆடுவதில்லை என்றாள்.