கொட்டிய தேயிலை

பிரிட்டனில், தோர்ண்டன் ஹீத் வீட்டில் புதுத் தேயிலைப் பைக்கற்றை வெட்டினேன். மேசையில் மகள் அமெரிக்கா என்ற நாடு பிறந்த கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். தேயிலை வாசம் என்னை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மேடைக்கு இழுத்துப்போனது.

போர்க்காலம். தேயிலை கிடைப்பதே பெரும்பாடு. பிரிட்டிஷ்காரனின் வரியை எதிர்த்து அமெரிக்கர்கள் தேயிலையைக் கடலில் கொட்டுகிற நாடகம் அது. பெட்டிக்குள் வேப்பஞ்சருகு போடச் சொல்லியிருந்தார்கள். தலைவனாக நடித்த அக்காவோ வீட்டிலிருந்த தேயிலை முழுவதையும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"எங்களைக் கேளாமல் எங்களை ஆள ஏலாது!" என்று கத்தியபடி கொட்டினாள். மண்டபமெங்கும் தேயிலை மணம். முதலில் கைதட்டியது அம்மா.

"பிறகு என்ன குடிச்சனீங்கள், அப்பா?" என்று, நான் சொல்லி முடித்ததும் மகள் கேட்டாள்.

சுடுதண்ணிதான். அம்மா அதையும் தேத்தண்ணி மாதிரியே ஆற்றி, முதல் கோப்பையை அக்காவிடம் நீட்டினார்.