இரண்டாவது மஞ்சள் வளையம்

என் அலுவலகத்தில் இரண்டு மேசைகளுக்கு நடுவே சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் தொங்குகிறது. பெண்கள் போடும் வளையலைவிடச் சற்றுப் பெரியது, ஓரம் தேய்ந்து நிறம் மங்கியது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இது என்ன என்று கேட்பார்கள். நானும் சொல்வதற்குத் தயாராகத்தான் இருப்பேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஒருவன், சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த ஒருவன், இன்று பெரிய பெரிய கம்பெனிகளின் டேப்புகளைப் பாதுகாத்துக் கொடுக்கும் தொழிலுக்கு முதலாளியாக உட்கார்ந்திருக்கிறான் என்றால், அந்தக் கதை இந்த வளையத்தில்தான் ஆரம்பம். அந்தக் கதையில் யார்டு அக்காவும் உண்டு. அவரை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்த்தேன், கதை நிற்கவில்லை.

எண்பதுகளில் எங்கள் கப்பல் கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இரும்பு அலமாரி உயரம், குளிர்சாதன அறை, அதற்குத் தனிக் காவல். பார்க்க ஒன்று. உள்ளே அதை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு பாதி கப்பல்களுக்கு: எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்ற பட்டியல். மறுபாதி, கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டுக்கு: எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது என்ற கணக்கு. கிடங்கிலிருந்து மாறிவந்த நான் கப்பல் பாதிக்கு ஆபரேட்டர். யார்டு பாதிக்கு அக்கா. கழுத்தில் சிறிய சிலுவை, வெள்ளிக்கிழமை மதியம் மாதாகோவில், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. கம்பெனியில் மேலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் அவர் யார்டு அக்காதான். வயதில் என்னைவிட நாலைந்து ஆண்டு மூத்தவர். வாயில் இன்னும் அதிகம்.

கம்ப்யூட்டருக்கு இரண்டு பாதி. ஆனால் கணக்கையெல்லாம் டேப்பில் நகலெடுத்து வைக்க, அதாவது பேக்கப் எடுக்க, டேப் டிரைவ் ஒன்றே ஒன்று. ஒரு பாதி அதைப் பிடித்திருந்தால் மறுபாதி காத்திருக்க வேண்டும். பிடித்திருந்த பாதி திரையில் ‘விட்டேன்’ என்று கட்டளை கொடுத்தால்தான் மற்றது ‘எடுத்தேன்’ என்று சொல்ல முடியும். யார் பிடித்திருக்கிறார்கள் என்பது டிரைவைப் பார்த்தால் தெரியாது. இதனால் நாள் தவறாமல் சண்டை. இஞ்சினியர்கள் இங்கிலீஷில் இரண்டு பக்கம் விதிமுறை எழுதி ஒட்டினார்கள். யாரும் படிக்கவில்லை.

தீர்த்து வைத்தவன் நான். அப்போது பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தேன். பலகை அடித்துப் பிரித்த அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், பின்னால் ஒரே குழாய். குழாயில் யாருடைய துண்டு தொங்குகிறதோ அவருடைய முறை. துண்டு தொங்கும்போது வேறொருவர் வாளியை வைத்து நான் பார்த்ததில்லை. அதை அப்படியே கம்ப்யூட்டர் அறைக்குக் கொண்டுவந்தேன். அந்தக் காலத்து டேப் ரீலின் பின்பக்கப் பள்ளத்தில் ஒரு வளையம் மாட்டினால்தான் அதில் எழுத முடியும். வளையம் இல்லாவிட்டால் படிக்க மட்டும்தான். எல்லா வளையங்களையும் அலமாரியில் வைத்துப் பூட்டச் செய்தேன். ஒன்றை மட்டும் நடுச் சுவரில் ஆணியில் மாட்டினேன். வளையம் யாரிடமோ டிரைவ் அவருடையது. முடிந்ததும் கட்டளை கொடுத்து விட்டுவிட்டு, வளையத்தை ஆணியில் மாட்ட வேண்டும். சண்டை அன்றோடு நின்றது. மேனேஜர் என் முதுகில் தட்டி, கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளன் போட வேண்டும், அது நீயாக இருக்கலாம் என்றார்.

“வாய் மட்டும் பெரிய கப்பல்தான் தம்பி,” என்றார் அக்கா. “சரக்கு இருக்கான்னு பாப்போம்.”

இதுவரை எல்லாரிடமும் சொல்வேன். இனி வருவதை அதிகம் சொன்னதில்லை. அலமாரியைப் பூட்டுவதற்கு முன் இன்னொரு வளையம் என் சட்டைப் பைக்குள் போயிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

ஒருநாள் மின்சார வேலைக்காக நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்டை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். அதற்குள் இரண்டு பாதிக்கும் பேக்கப் முடிய வேண்டும். முன்பு ஒரு தடவை இப்படி நிறுத்தியபோது டிஸ்க் ஒன்று திரும்ப எழுந்திருக்கவே இல்லை, அதனால் எல்லாருக்கும் பயம். கப்பல் பாதி பதினொன்றரைக்கே முடிந்துவிடும் என்று மேனேஜர் முன்னால் மார்தட்டியிருந்தேன். ஆனால் வளையத்தை அக்கா முதலில் எடுத்துவிட்டார். யார்டு பேக்கப்புக்கு இரண்டு ரீல் வேண்டும். பதினொன்று பத்துக்கு முதல் ரீல் முடிந்தது. அதைக் கழற்றி, வளையத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது ரீல் எடுக்க அலமாரிப் பக்கம் போனார். டிரைவ் காலி. அக்கா முடித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆணியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. மேசையில் இருந்த ரீலை அவசரத்தில் எடுத்து, பையிலிருந்த வளையத்தை மாட்டி, டிரைவில் ஏற்றினேன். ஏற்றிய உடனே ரீல் சுழல ஆரம்பித்தது. என் திரையில் நான் இன்னும் ஒரு எழுத்துக்கூடத் தட்டவில்லை.

அக்கா புது ரீலோடு வந்து நின்றார். டிரைவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

“வளையம் என் கையில இருக்கு. அங்க எப்படி எழுதுது?”

அப்போதுதான் ஆணியைப் பார்த்தேன், காலி. யார்டு பாதி டிரைவை விடவே இல்லை. அடுத்த ரீலுக்காகக் காத்திருந்தது. நான் ஏற்றியதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு, யார்டு கணக்கின் பிற்பாதியை அதில் எழுதிக்கொண்டிருந்தது. அந்த ரீலோ, முந்தின நாள் எடுத்த கப்பல் பேக்கப். என் பாதிக்கு இருந்த ஒரே நல்ல நகல்.

“நிப்பாட்டவா அக்கா?”

“நிப்பாட்டினா உன்னுதும் போச்சு, என்னுதும் போச்சு. எழுதட்டும். நீ போய் உன் கட்டளையத் தயாரா வை.”

பதினொன்று முப்பத்தைந்துக்கு முடிந்தது. அக்கா டிரைவை விட்டார், புது ரீலில் வளையத்தை மாட்டி என் கையில் கொடுத்தார். என் பேக்கப்புக்கு அரை மணி நேரம் வேண்டும். பன்னிரண்டுக்கு மின்சாரக்காரர் கதவைத் திறந்தார். அக்கா இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு, “பாக் சிக், துங்கு செகெஜாப் லா,” என்றார், கொஞ்சம் பொறுங்கள் என்று மலாயில். மின்சாரக்காரர் சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். நான் டேப் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஐந்துக்கு ரீல் நின்றது, திரையில் முடிந்தது என்று வந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு குதி குதித்ததில்லை.

பின்னாலேயே மேனேஜர் வந்தார். ஏன் தாமதம், யாரால் என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். “கேளுங்க, அவரே சொல்வாரு,” என்றார், இங்கிலீஷில்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என்னிடம் இரண்டு வளையம் இருந்தது என்று சொன்னேன். பொறுப்பாளன் வேலை அந்த வாக்கியத்தோடு போயிற்று. அது அக்காவுக்குக் கிடைத்தது. பொறுப்பேற்றதும் அவர் செய்த முதல் காரியம், என் இரண்டாவது வளையத்தை வாங்கிக் கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பையில் போட்டது. “இனிமே உன் கப்பல் ஓடும்,” என்றார். ஓடியது. அவருக்குக் கீழே ஐந்து வருடம் ஓடியது. அவர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குக் குடிபோனபோது ஆணியிலிருந்த வளையத்தைக் கழற்றி என்னிடம்தான் கொடுத்தார்.

இப்போது என் அலுவலகத்து இயந்திரத்தில் நான்கு பிரிவுகள், டிரைவ் இன்னும் ஒன்றுதான். யார் பிடித்திருக்கிறார்கள் என்பதைத் திரையே காட்டுகிறது. இன்றைய டேப்பில் வளையம் மாட்ட இடமே இல்லை. ஆனாலும் பேக்கப் எடுக்கிறவர் ஆணியிலிருந்து இதை எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும், அது என் சட்டம். தொலைந்தால் என்ன செய்வது, ஸ்பேராக இன்னொன்று வாங்கி வைக்கலாமே என்று கேட்கிறார்கள். முடியாது என்கிறேன். இந்த முறையைக் கண்டுபிடித்தவன் நான். அதை முதலில் மீறியவனும் நான்தான். இரண்டிலும் எனக்கே முதலிடம். ஒரு வளையம் போதும்.