கசாப்புக் கூடத்துத் தொன்னெஸ்

தொன்னெஸ் விக்ரே ஒரு நாளைக்கு நூற்றைம்பது மாடுகளைக் கொன்றார். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து சுதி சேராத குரலில் பாடினார். கடலோரத்து மாட்டுப் பண்ணைகள் நிறைந்த எங்கள் யேரன் பக்கத்தில் யாருக்கும் இது விநோதமாகப் பட்டதில்லை. மாடு வளர்ப்பவர்களும் ஜெபவீட்டுக்காரர்களும் அங்கே ஒரே ஆட்கள்தான்.

கசாப்புக் கூடத்தில் நான் அவருக்கு அடுத்த இடத்தில் பதினோரு வருடம் நின்றேன். அவர் சுட்டு வீழ்த்தும் மாட்டின் பின்னங்காலில் சங்கிலி மாட்டி மேலே தூக்குவது என் வேலை. எனக்கு அடுத்து நின்றவன் ராங்வால்ட். தொங்கும் மாட்டின் கழுத்தை அறுப்பவன். கத்தியில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, கோபத்திலும் அப்படியே.

இளவயதில் தொன்னெஸும் கோபக்காரர்தான். கூண்டுக்குள் வர மறுத்த ஒரு காளையை இரும்புக் கம்பியால் அடித்திருக்கிறார். கொம்பு முறிந்து, மூக்கில் ரத்தம் கொட்டி, அது முட்டி போட்டு விழுந்த பிறகும் அடித்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம், அவரும் சிரித்தாராம். அடுத்த ஞாயிறு பாட்டுக்கு நடுவில் எழுந்து வெளியே ஓடி, கல்சுவர் ஓரமாக வாந்தி எடுத்திருக்கிறார். வேலையை விட்டுவிடத்தான் முதலில் நினைத்தார். தான் போனால் அந்தக் கம்பியை இன்னொருவன் எடுப்பான் என்று தோன்றவே, திங்கட்கிழமை திரும்பி வந்தார். எனக்கு இதைச் சொன்னது அவரேதான், ஒரு நாள் ரொட்டி தின்றுகொண்டே.

அவர் கையிலிருந்தது, நெற்றியில் வைத்து அழுத்தினால், தோட்டா வெடித்த வேகத்தில் உள்ளிருந்து இரும்பு ஆணி பாய்ந்து திரும்பும் துப்பாக்கி. இடது கையை மாட்டின் நெற்றியில் வைப்பார். தலை ஆட்டம் நிற்கும்வரை காத்திருப்பார். பிறகு ஒரே வெடி. இரண்டாவது தேவைப்பட்டால் அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டார்.

"சாகப் போற மாட்டுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது கடைசியாப் பாக்குற முகம் என்னோடது. ஆண்டவர் படைச்சதை அவர்கிட்டயே திருப்பிக் குடுக்குறேன். அரைகுறையாவா குடுக்கிறது?" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பிரசங்கம் அதுதான்.

எழுபத்து நாலாம் வருடம் இலையுதிர் காலத்தில் மேற்பார்வையாளர் ஆவுடுன், மணிக்கு இருபது மாடு என்பதை முப்பத்தைந்து ஆக்கச் சொன்னார். மேலிடத்து உத்தரவு. தொன்னெஸ் தலையாட்டிவிட்டு, பழையபடி இருபதே சுட்டார். மற்றவர்கள் கத்தியும் கையுமாகக் காத்து நின்றோம். எத்தனை மாடோ அத்தனைக்குத்தான் எங்களுக்குக் கூலி. ராங்வால்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய் பாதிரி! சுடுறியா, மாட்டுக்கு ஞானஸ்நானம் குடுக்குறியா?"

எல்லோரும் சிரித்தோம். தொன்னெஸும் லேசாகச் சிரித்தபடி, "தலையை ஆட்டுதுப்பா. கொஞ்சம் பொறு," என்றார்.

"நீ ஆட்டுற ஆட்டத்துக்கு என் புள்ளைங்க கல்லைத்தான் திங்கணும்!"

இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஆவுடுன் பக்கத்துக் கூண்டையும் திறந்தார். அங்கே இன்னொரு துப்பாக்கியை ராங்வால்டிடம் கொடுத்தார். தொன்னெஸ் அவரிடம் போய், "அவன் கத்திக்காரன், இது தெரியாது. வேண்டாம்," என்றார். "உனக்கு வேகம் வராதுன்னுதானே அவனை வச்சிருக்கேன்?" என்று ஆவுடுன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு ராங்வால்ட் சுட்ட மூன்றாவது, ஒரு சிவப்புப் பசு. தலை அசையும்போதே அழுத்திவிட்டான். பசு விழுந்தது. நான் சங்கிலி மாட்டித் தூக்கினேன். பாதி உயரத்தில் அது கண்ணைத் திறந்து கத்தியது. அந்தக் கத்தலை நான் எழுதிக் காட்ட முடியாது. துள்ளிய துள்ளலில் சங்கிலி கழன்று, தலைகீழாகச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. முன்னங்கால்களை ஊன்றி எழுந்து, ரத்தத்தில் வழுக்கி, இரும்புக் கதவில் மோதித் திரும்பவும் விழுந்தது. ராங்வால்ட் ஓடிப்போய் மறுபடி சுட்டான். கண்ணுக்குக் கீழே பட்டது. ஆணி எலும்பில் சிக்கிக்கொள்ள, பசு அவனையே இழுத்துக்கொண்டு சுழன்றது.

தொன்னெஸ் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அடித்தார். கூடம் முழுவதும் நின்றுபோனது.

"யாருடா நிறுத்தச் சொன்னது?" ராங்வால்ட் தரையில் கிடந்த சங்கிலியை எடுத்துச் சுழற்றி அடித்தான். கொக்கி தொன்னெஸின் முகத்தில் இடது பக்கமாக இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. முட்டி போட்டு விழுந்தவர், சுவரைப் பிடித்து எழுந்தார். ராங்வால்டைப் பார்க்கவே இல்லை. தன் துப்பாக்கியோடு பசுவிடம் நடந்து, அதன் கழுத்தில் ஒரு முழங்காலை அழுத்தி, நெற்றியைத் தொட்டு, காத்திருந்தார். அவர் கன்னத்திலிருந்து ரத்தம் பசுவின் முகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. சுட்டார். பசு அடங்கியது.

பழக்க தோஷத்தில் அடுத்த தோட்டாவைப் போட்டுவிட்டார். ராங்வால்ட் மறுபடி சங்கிலியோடு வந்தபோது, அவர் கையில் துப்பாக்கி தயாராக இருந்தது. கைநீளத் தூரத்தில் ஒரு மனிதனின் நெற்றி. நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். தொன்னெஸ் துப்பாக்கியைப் பார்த்தார். திறந்து, தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை ஆவுடுனிடம் நீட்டினார். நீட்டிய கையோடு நிற்கும்போதே அடுத்த அடி விழுந்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு. நாலு பேர் பாய்ந்து ராங்வால்டைப் பிடித்தார்கள். அந்த நாலு பேரில் நான் இல்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

தொன்னெஸின் உடைந்த தாடையைக் கம்பியால் கட்டினார்கள். இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தபோது நானும் படுக்கை அருகில் இருந்தேன்.

"அவனை மன்னிச்சுட்டேன்," என்றார் தொன்னெஸ், பல்லுக்கிடையில்.

போலீஸ்காரர் நோட்டை மூடினார். "அப்போ புகார் இல்லைன்னு வச்சுக்கலாமா?"

"மன்னிச்சா, அடிக்கலைன்னு ஆயிடுமா? அடிச்சான். எழுதுங்க. அந்தப் பசு பட்ட பாட்டையும் எழுதுங்க. யார் வேகத்தைக் கூட்டச் சொன்னாங்கன்னும் எழுதுங்க."

ராங்வால்ட் ஐந்து மாதம் சிறையிலிருந்தான். அந்தப் புகாரைப் படித்துவிட்டு அரசாங்கக் கால்நடை மருத்துவர் வந்து இரண்டு நாள் எங்களோடு நின்று பார்த்தார். வேகம் மறுபடி இருபதுக்கு இறங்கியது. ஆவுடுன் வேறு ஊருக்குப் போனார். ஆனால் ஒற்றைக் கண்ணோடு தொன்னெஸ் துப்பாக்கி பிடிக்க அனுமதியில்லை. தோலுக்கு உப்புப் போடும் அறைக்கு அனுப்பினார்கள். கூலிக்காக எரிச்சல்பட்டவர்களில் சிலர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

அடுத்த ஜூன் மாதம், சனிக்கிழமை மத்தியானம், தொன்னெஸ் எனக்குப் போன் செய்தார். "கார் எடுத்துட்டு வா. ராங்வால்டு வீட்டுக்குப் போகணும். அவன் குதிரை பள்ளத்துல விழுந்து கால் ஒடிஞ்சு கிடக்காம். மருத்துவர் ஊர்ல இல்லையாம்."

"உங்களையா கூப்பிட்டான்?"

"அவன் பொண்டாட்டி கூப்பிட்டா."

காரில் போகும்போது என்னால் அடக்க முடியவில்லை. "அன்னைக்கு நான் ஒண்ணும் செய்யல. தூணுக்குப் பின்னால நின்னேன்."

"தெரியும். பாத்தேன்." கொஞ்ச தூரம் போனபின் சொன்னார்: "அவனைச் சுடணும்னுதான் இருந்துச்சு எனக்கு. அதான் தோட்டாவை எடுத்தேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

குதிரை வாய்க்கால் சேற்றில் கிடந்தது. முன்னங்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. எழ முயன்று முயன்று சேறெல்லாம் சிவந்திருந்தது. ராங்வால்ட் அதன் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"நீ வருவேன்னு நினைக்கல."

"குதிரை என்ன தப்புப் பண்ணுச்சு?" என்றபடி தொன்னெஸ் வாய்க்காலில் இறங்கினார். வரும் வழியில் கூடத்தில் கேட்டு வாங்கிய துப்பாக்கியைக் குதிரையின் நெற்றிக்குக் கொண்டுபோனவர், ஒரு விரல்கடை தள்ளி வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கை நடுங்கவில்லை, கண்ணுக்குத்தான் தூரம் பிடிபடவில்லை.

"ராங்வால்ட், எனக்கு இடம் தெரியல. நீ காட்டு."

ராங்வால்ட் நிமிர்ந்து அந்த மூடிப்போன கண்ணைப் பார்த்தான். அவன் வாய் கோணியது. துப்பாக்கிக் குழாயைத் தன் விரல்களால் பிடித்து, அரை அங்குலம் நகர்த்தி, அங்கேயே வைத்திருந்தான். குதிரை இரண்டு தரம் தலையை உதறியது. இருவரும் காத்திருந்தார்கள்.

"இப்போ," என்றான் ராங்வால்ட்.

வெடித்தது. குதிரை ஒரே அடியாகத் துவண்டது. "ரத்தத்தை வடிக்கணும், அப்பத்தான் முழுசா அடங்கும். கத்தி உன் வேலை," என்றார் தொன்னெஸ். ராங்வால்ட் அழுதுகொண்டே இடுப்புக் கத்தியை உருவினான். ஒரே இழுப்பு, சுத்தமான வெட்டு. பிறகு அப்படியே சேற்றில் சாய்ந்து, பெருங்குரலெடுத்துக் கத்தினான். குதிரைக்காகவா, வேறெதற்காகவா என்று நான் கேட்கவில்லை. தொன்னெஸ் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி வரப்பில் உட்கார வைத்தார்.

மூன்று பேரும் டிராக்டர் கட்டி உடலை இழுத்தோம். அவன் மனைவி காப்பி கொடுத்தாள். குடிக்கும்முன் தொன்னெஸ் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடினார். ராங்வால்ட் மூடவில்லை, கோப்பையைத் தொடாமல் அவர் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தான்.

அவன் அதற்குப் பிறகும் ஜெபவீட்டுக்கு வந்ததில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தான். தொன்னெஸ் இன்னும் ஒன்பது வருடம் தோலுக்கு உப்புப் போட்டார். அவர் அனுப்பிய தோல்களில் அழுகல் புள்ளி ஒன்றுகூட இருக்காது என்று தோல் வாங்க வருபவர்கள் சொல்வார்கள். விரல் வெடிப்புகளில் உப்பு இறங்கி, சாயங்காலம் சட்டைப் பொத்தானைக்கூட அவரால் போட முடியாது. நான்தான் போட்டுவிடுவேன். அதற்கு அவர் நன்றி சொன்னதில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.