டெல்ஃபினின் இடது கை

டெல்ஃபின் என்ற பெயர் விட்டன் குடும்பத்தாரின் காதில் முதன்முதலில் விழுந்தது ஒரு சாவுச் சாப்பாட்டில். மூத்தவர் ஹோமர் விட்டனை அடக்கம் செய்துவிட்டு வந்து, சர்ச் கூடத்தில் பொரித்த கோழியைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஹோமரின் மூன்று தங்கைகளில் நடுவில் பிறந்தவள் வெர்னா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். அலபாமாவின் எண்டர்பிரைஸ் ஊரில் எந்தச் செய்தியும் அவளைத் தொடாமல் அடுத்த தெருவுக்குப் போனதில்லை. அவள்தான் ஆரம்பித்தாள்.

"நம்ம லமாரு ஒரு பொண்ணப் பாத்திருக்கானாம். டெல்ஃபின்னு பேரு. லூசியானாக்காரி. ஹெலிகாப்டர் ஓட்டுறாளாம்."

"ஓட்டுறாளா, ஏறிப் போறாளா?" என்றான் ஹோமரின் இளைய மகன், லமாரின் தம்பி ட்ராய்.

"ஓட்டுறாடா. மேல ரெண்டு காத்தாடி வெச்சிருக்குமே, பெருசு, அது. பட்டாளத்துல."

"அப்ப அண்ணன் இனிமே வாயத் தொறந்த மாதிரிதான்."

சாவுச் சாப்பாட்டில் சிரிக்கக் கூடாதுதான். ஹோமரின் விதவையே முதலில் சிரித்துவிட்டதால் மற்றவர்களும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் மருமகளாக வந்தாள், வந்த வேகத்திலேயே போகவும் செய்தாள். பட்டாளம் சொன்ன ஊரெல்லாம் லமாரும் பின்னாலேயே போனான். கார் மெக்கானிக்குக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு என்பான். ஒன்பது வீடு மாறினார்கள். மகள் ஜோலிக்குப் பதினான்கு வயது ஆவதற்குள் ஏழு பள்ளிக்கூடம். கடைசியில் டெல்ஃபினை நம் ஊர்ப் பக்கத்து முகாமுக்கே, புதியவர்களுக்குப் பறக்கச் சொல்லித்தர அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடச் சேவை முடிந்து சீருடையை மடித்து வைத்த நாளில் அவளுக்கு வயது நாற்பத்து நான்கு.

அன்று சாப்பாட்டு மேசையில் ஜோலி ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

"அம்மா, நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் இந்த வீடு. சரியா? அப்பா இப்பத்தான் சொந்தமா பட்டறை போட்டிருக்காரு."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாத."

"சும்மா சொல்லல. இந்த வீடுதான்."

வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் பறப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத பெண்ணுக்கு அந்த வாக்கு சுலபமானதல்ல. பெரிய விமானக் கம்பெனிக்குள் போய்விட்டால் எந்த ஊரில் குடியிருந்தாலும் வேலைக்குப் போய் வரலாம், சம்பளமும் நல்லது. அங்கே ஹெலிகாப்டரில் பறந்த மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நுழைய முடியாது. இடையில் ஒரு கல்லில் கால் வைத்துத்தான் அந்த ஆற்றைத் தாண்ட வேண்டும். அந்தக் கல்தான் சின்ன ஊர்களுக்குப் பறக்கும் வட்டாரக் கம்பெனி. பட்டாளத்துக்காரர்களுக்குச் சிறு விமானத்தில் பறக்கும் செலவைத் தாங்களே கொடுத்து, ஜெட் விமானத்துக்குப் பழக்கி எடுப்பார்கள். சில வருடம் அங்கே ஓட்டினால் பெரிய இடத்தின் கதவு திறக்கும். அறுபத்தைந்து வயதில் எல்லா விமானியும் இறங்கியே ஆக வேண்டும் என்பது சட்டம். அதனால் நாற்பத்து நான்கு வயதுக்காரிக்கு ஒவ்வொரு மாதமும் கணக்குத்தான். வழுக்கும் கல்லில் கால் வைக்க நேரமில்லை.

முகாமுக்கு வெளியே ஓட்டல் கூடத்தில் கம்பெனிகள் ஆள் எடுக்க வந்திருந்தன. டெல்ஃபின் இரண்டு மேசைகளை மனதில் குறித்துக்கொண்டாள். கிரெஸ்ட்வே கம்பெனி சேர்ந்தவுடன் கையில் ஒரு பெரிய தொகை தரும். வேலைக்குப் போகவேண்டிய ஊர் அட்லாண்டா, காரிலேயே போய்விடலாம். பைன்லேண்ட் தரும் தொகை அதில் பாதிகூட இல்லை. வேலை சார்லட்டில், அங்கே போகவே இரண்டு விமானம் மாற வேண்டும். இரண்டு மேசையிலும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"உங்ககிட்ட வந்த ஹெலிகாப்டர்காரங்கள்ல எத்தன பேரு பரீட்சையில தோத்தாங்க? அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

கிரெஸ்ட்வே மேசையில் இருந்த பையன் கோட்டு கசங்காமல் சிரித்தான். "எங்ககிட்ட யாருமே தோக்கறதில்ல மேடம்."

பைன்லேண்ட் மேசையில் கழுத்துக் கயிற்றில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஒரு பருத்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. ஒரு நோட்டைப் புரட்டினாள்.

"பதிமூணு பேரு. பதினோரு பேரு ரெண்டாந்தடவ தேறிட்டாங்க, இப்ப பறக்கறாங்க. ரெண்டு பேரு போயிட்டாங்க. அவங்க நம்பர் வேணுமா? யாராவது கேட்டா பேசறோம்னு சொல்லியிருக்காங்க."

டெல்ஃபின் இரண்டு நம்பரையும் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒருவர் எடுக்கவில்லை. மற்றவர் கான்சாஸில் வீடுகளுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார். கூரை மேலிருந்தே பேசினார்.

"அவங்க மேல குத்தம் சொல்லமாட்டேன் தாயி. கூட நாலு நாளு பழக்கித் தர்றோம்னாங்க. எனக்குத்தான் வெக்கம். இருவது வருஷம் பறந்தவன் தோத்துட்டேன்னு வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தேன். பெண்டாட்டிகிட்டகூட மறைச்சேன். ரெண்டாந்தடவ போகவே இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை ட்ராய் வீட்டுப் பின்கட்டில் கெளுத்தி மீன் பொரித்தார்கள். வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டே எல்லோரும் கிரெஸ்ட்வே பக்கம் பேசினார்கள்.

"காசு அங்க, ஊரு கிட்டத்துல. இதுல யோசிக்க என்ன இருக்கு சீஃப்?" பட்டாளத்தில் அவளைக் கூப்பிட்ட மாதிரியே ட்ராயும் கூப்பிடுவான், கொஞ்சம் கிண்டலாக. "எதுவானாலும் கடைசில பஸ்ஸுதான் ஓட்டப் போற. அம்பது பேரு, ஒரு கக்கூசு."

"அதுவும் பக்கத்து ஊரு டோத்தனுக்கு," என்றாள் வெர்னா. "போர்முனையில குண்டுக்கு நடுவுல இறங்கினவ, கடலை வியாபாரியக் கூட்டிக்கிட்டு அட்லாண்டாவுக்குப் போகப் போறா."

"கடலை வியாபாரியும் உயிரோடதானே இறங்கணும் அத்தை," என்றாள் டெல்ஃபின். "நான் பைன்லேண்டுக்குப் போறேன்."

லமார் மீனைத் திருப்பிப் போட்டான். "ஏன் டெல்?"

"யாரும் விழமாட்டாங்கன்னு சொல்ற எடத்துல, நான் விழுந்தா என்ன செய்வாங்க? அவங்களுக்கே தெரியாது. விழுந்தவன் பேர எழுதி வெச்சிருக்கா அந்த அம்மா."

"விழுறதுக்குன்னே போற மாதிரி பேசுறியே," என்றான் ட்ராய்.

டெல்ஃபின் ஒன்று பிடித்தால் விடமாட்டாள் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். லமார் அத்தோடு பேச்சை மாற்றிவிட்டான்.

சிறு விமானத்தில் அவள் தடுமாறவே இல்லை. டோத்தன் வானில் வெயிலிலும் மேகத்திலும் பறந்து வேண்டிய மணிக்கணக்கை முடித்துக்கொண்டு சார்லட்டுக்குப் போனாள். வகுப்பில் மூத்தவள் அவள்தான். விமானம் மாதிரியே ஆடும் எந்திர அறைக்குள் ஆறு வாரம் பழக்கினார்கள். பழகும்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது. பரீட்சை நாளில், ஓர் எஞ்சின் அணைந்த நிலையில் தரைக்கு வந்துகொண்டிருந்தாள். தேர்வாளர், "ஓடுபாதையில வண்டி நிக்குது, மேல போ!" என்று கத்தினார்.

வலது கை விமானத்தின் மூக்கைத் தூக்கியது. இடது கை விசைப்பிடியைப் பற்றி இழுத்தது.

ஹெலிகாப்டரில் மேலே போக இடது கை இழுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அந்தக் கை அதைத்தான் செய்தது. மணற்புயலிலும் செய்தது, துப்பாக்கி வெடிக்கும்போதும் செய்தது. விமானத்திலோ தள்ளினால்தான் விசை கூடும், இழுத்தால் குறையும். டோத்தனில் சிறு விமானத்தின் இடது நாற்காலியில் இருந்ததால் விசைப்பிடி வலது கைக்கு வந்தது; கோளாறு வெளியே தெரியவில்லை. இங்கே துணை விமானிக்கு வலது நாற்காலி. பழைய கை பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. மூக்கு மேலே, விசை கீழே. எந்திரம் நடுங்கி எச்சரித்தது. தேர்வாளர் நிறுத்தச் சொன்னார்.

"எந்த ஹெலிகாப்டர்?"

"சினூக்."

"கையப் பாத்தேன். மூணு வாரம் கழிச்சு இன்னொரு வாய்ப்பு இருக்கு. அதுக்கு முன்னாடி நாலு நாளு பழக்குவோம். நடுவுல வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

இன்னொரு வாய்ப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான். ஒரு தோல்வி காகிதத்தில் ஏறினால் சாகும்வரை அழியாது. எந்தப் பெரிய கம்பெனியும் அதைப் படித்துவிட்டுத்தான் பேசும். இரண்டு ஏறிவிட்டால் கல்லும் போச்சு, கரையும் போச்சு. ஜோலிக்குக் கொடுத்த வாக்குக்கும் வழியில்லை. பட்டறை வருமானத்தில் அந்த வீட்டுக் கடன் அடையாது.

ஊர் வந்து சேர்ந்தது புதன்கிழமை. புதன் மாலை சர்ச்சில் கூட்டுச் சாப்பாடு. அவள் உடை மாற்றாமலே போனாள். கான்சாஸ் கூரைக்காரரின் குரல் காதிலேயே இருந்திருக்க வேண்டும். பட்டாளத்தில் ஒவ்வொரு பறப்பு முடிந்ததும் சின்னவன் பெரியவன் பார்க்காமல் வட்டமாக உட்கார்ந்து என்ன தப்பு நடந்தது என்று பேசுவார்கள். அப்படியே பேசினாள்.

"பரீட்சையில தோத்துட்டேன். தள்ள வேண்டிய எடத்துல கை இழுத்துருச்சு. தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியல. இன்னொரு தடவ இருக்கு. யாரும் வெர்னா அத்தைகிட்ட மெதுவாக் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டாம்னுதான் நானே சொல்லிட்டேன்."

"என் பொழப்பக் கெடுத்துட்டியே," என்றாள் வெர்னா. கூடம் சிரித்தது. ட்ராய் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் அவளுக்கு வாழைப்பழப் புட்டிங் கொண்டுவந்து வைத்தான்.

மறுநாள் காலை, வீட்டு முன்னால் புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்திருந்ததைப் பார்த்தாள். சும்மா உட்கார முடியாமல் லமாரின் புல்வெட்டும் வண்டியில் ஏறினாள். அதற்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு பிடி. முன்னால் தள்ளினால் வண்டி முன்னே போகும், இழுத்தால் பின்னே வரும். பள்ளத்திலிருந்து மேட்டில் ஏற்றும்போது வண்டி திணறியது. இடது கை தானாக இழுத்தது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பின்வாங்கி, தபால் பெட்டியைக் கம்பத்தோடு சாய்த்தது.

பட்டறையிலிருந்து லமார் ஓடிவந்தான். "டெல்! அடிபட்டுச்சா?"

அவள் இறங்கவில்லை. இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாட்டிக்கிட்டாரு துரை," என்றாள். "லமார், நம்ம ஊர்ல மேடு பள்ளமா புல்லு எங்கெங்க இருக்கு?"

அன்று ஆரம்பித்தது. பத்து நாள் அவள் எண்டர்பிரைஸில் வெட்டாத புல் இல்லை. எங்கள் வீட்டு ஓடைக்கரை, வெர்னாவின் பின்பக்கச் சரிவு, பள்ளிக்கூடப் பந்து மைதானத்தின் கரை, விட்டன் குடும்பக் கல்லறைமேடு எல்லாம் வெட்டினாள். ஹோமரின் கல்லைச் சுற்றி மூன்று தடவை வெட்டினாள். ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளக்கும், தொப்பியை நனைத்துப் போட்டுக்கொண்டு, மேடு வரும்போதெல்லாம் "மேல போ!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு தள்ளுவாள். பள்ளிக்கூட விடுமுறை ஆனதால் ஜோலி பின்னாலேயே சைக்கிளில் வந்து, எதிர்பாராத இடத்தில் கத்துவாள்.

"மேல போ!"

கை தள்ளியது.

"மேல போ!"

கை இழுத்தது. வண்டி சுழன்றது.

"செத்தோம்," என்பாள் ஜோலி. "அம்பது பேரும் செத்தோம். மறுபடியும்."

கார்க்காரர்கள் ஆரன் அடித்துக் கேலி செய்தார்கள். அரசாங்கம் இவளுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்ததே புல் வெட்டத்தானா என்று ஒருவன் கேட்டான். "ஆமா, உன் வீட்டுப் புல்லு இருக்கா?" என்று கேட்டு அதையும் வெட்டினாள். ஏழாம் நாளிலிருந்து வண்டி சுழலவில்லை. பத்தாம் நாள் ட்ராய் கல்லறைச் சரிவில் ஒரு கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பாய்ந்து வந்து கத்தினான். அவள் மூச்சே நின்றது. கை மட்டும் தள்ளியது.

"போயிட்டு வா சீஃப்," என்றான் அவன், சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டே.

சார்லட்டில் நான்கு நாள் பழக்கம் முடிந்து, ஒரு திங்கட்கிழமை மதியம் மறுபரீட்சை நடந்தது. வேறு தேர்வாளர். ஓர் எஞ்சினை அணைத்தார். தரைக்கு இருநூறு அடி இருக்கும்போது மேலே போகச் சொன்னார். இடது கை தள்ளியது. அவர் நம்பவில்லையோ என்னவோ, இன்னும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் தள்ளியது. நோட்டு வைத்திருந்த அம்மாளுக்குச் செய்தி போயிற்று. அந்த நோட்டில் இரண்டாம் தடவை தேறியவர்கள் பன்னிரண்டு ஆனார்கள்.

மூன்றரை வருடம் அந்தச் சின்ன ஜெட்டில் ஓட்டினாள். சார்லட்டுக்கு இரண்டு விமானம் மாறிப் போய், இரண்டு விமானம் மாறி வந்தாள். பாதிப் பிறந்தநாள்களுக்கு இல்லை. அதற்காக ஜோலி சண்டை போட்டதும் உண்டு. ஆனால் வீடு மாறவில்லை. ஜோலி அதே பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து, அதே மைதானத்தில் பட்டமளிப்புத் தொப்பியை வானில் வீசினாள்.

பிறகு பெரிய கம்பெனி கூப்பிட்டது. மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். ஒருவர் காகிதத்தைப் பார்த்து, "ஒரு தடவ தோத்திருக்கீங்களே?" என்று கேட்டார். டெல்ஃபின் சர்ச்சில் சொன்ன மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். புல்வெட்டும் வண்டியையும் தபால் பெட்டியையும்கூட விடவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவர் சிரிக்காமல் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார். அவரும் ஏதோ ஒரு ஹெலிகாப்டரிலிருந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று வெர்னா இன்னும் சாதிக்கிறாள்.

தபால் பெட்டி கொஞ்சம் சாய்ந்தேதான் நிற்கிறது, லமார் நிமிர்த்தவில்லை. டெல்ஃபினுக்கு இப்போது ஐம்பது வயது. பெரிய கம்பெனியில் துணை விமானி, வலது நாற்காலி. இன்று வியாழக்கிழமை, சியாட்டிலில் இருக்கிறாள். நாளை மதியம் டோத்தனில் இறங்கி வீட்டுக்கு வருவாள்.