அழகருக்கு வந்த பதினான்கு லொறிகள்

சுபாஜினியின் கையில் நல்ல பொருள் ஒன்று கிடைத்தால், அது எங்கே உடையும் என்று பார்க்காமல் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. நாலு வயதில், தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் நிறை பார்க்கும் தராசு மேல் ஒற்றைக் காலில் ஏறி நின்று, பாதி நிறை காட்டுகிறதா என்று பார்த்தவள். பள்ளிக்கூடத்தில் புது மணி கட்டியபோது எத்தனை அடிக்குக் கயிறு அறும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அறுபத்தெட்டு அடி. அதற்காக வாங்கிய அடி தனி.

இப்படிப்பட்ட பெண்ணை எந்த வேலைக்கு அனுப்புவது? தெமோதரைக்கு மேலே, ஏழாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் இந்தக் கேள்வி வெகுகாலம் பேசப்பட்டது. அவளுடைய அப்பா அழகருக்குப் பதில் தெரியும்: டீச்சர் வேலை. தோட்டத்தில் படித்த பிள்ளைக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? ஆனால் சுபாஜினி பதுளையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பை முடித்துவிட்டு, 2008இல் பண்டாரவளையில் ஒரு வேலையில் போய் உட்கார்ந்தாள். பொருளை உடைத்துப் பார்ப்பதற்கே சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவளாலேயே நம்ப முடியவில்லை.

பேக்கரிக்கு மேல்மாடியில் நாலு கம்ப்யூட்டர் வைத்திருந்த இத்ரூஸ் என்பவர்தான் முதலாளி. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மதியம் வரை பாண் வாசனை இலவசம். மரக்கறி லொறிகள் வைத்திருக்கும் ஸல்மா ராத்தாவுக்காக அவர் ஒரு சேவை செய்து கொடுத்திருந்தார். பண்டாரவளைச் சந்தைக்கே ராத்தாவான, அதாவது அக்காவான, அந்த அம்மாவிடம் பதினான்கு லொறிகள் இருந்தன. மரக்கறித் தோட்டக்காரர் யாராவது இன்ன ஊர், இன்ன மரக்கறி, இத்தனை கிலோ என்று இணையம் வழியாகக் கேட்டால், சும்மா நிற்கிற லொறியை அந்தச் சேவையே தேடிப் பிடித்து, டிரைவரின் போனுக்கும் கேட்டவரின் போனுக்கும் செய்தி அனுப்பிவிடும்.

அதைச் சோதிப்பது சுபாஜினியின் வேலை. நாற்பது பேர் ஒரே நேரத்தில் லொறி கேட்டால் என்ன ஆகும்? நாற்பது பேரைக் கூட்டிவந்து மாடியில் உட்காரவைக்க முடியாது. ஆகவே சோதனைக் கருவியில் ஒரே ஒரு கோரிக்கையை எழுதி, எந்த விலாசத்துக்குப் போக வேண்டும், எத்தனை பேர் கேட்பதுபோல் போக வேண்டும் என்று நிரப்பி, பொத்தானை அழுத்த வேண்டும். தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தால் கங்காணி நிதானமாகப் பெயர் பதிவார். நாற்பது பேரும் ஒரேயடியாக வந்து முன்னால் நின்றால் அவருக்குத் தலை சுற்றும். கம்ப்யூட்டருக்குத் தலை சுற்றுகிறதா என்று பார்ப்பதுதான் விஷயம். இதை அவள் வீட்டில் எவ்வளவோ விளக்கிச் சொல்லிவிட்டாள்.

"மெசினுக்குக் கடுதாசி எழுதுறதெல்லாம் ஒரு வேலையாம்மா?" என்பார் அழகர். "ஆறு மாசம் முடியட்டும். நிரந்தரமாக்கி லெட்டர் குடுத்தா சரி. குடுக்கலேன்னா பேசாம டீச்சர் பரீட்சைக்கு எழுது."

அந்த ஆறு மாதம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. லெட்டர் டைப் அடித்துத் தயாராக இத்ரூஸின் மேசையில் கிடந்ததைச் சுபாஜினி கண்ணால் பார்த்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நாலு நாள் சும்மா இருந்திருந்தாலே போதும். சும்மா இருக்கிற பிள்ளையா அது?

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோரிக்கையை நிரப்பினாள். கேட்பவர் பெயர் என்ற இடத்தில் கண்டதையும் எழுதக் கூடாது, நிஜம்போல இருக்க வேண்டும் என்பது இத்ரூஸின் கட்டளை. அவளுக்குத் தெரிந்த ஒரே மரக்கறித் தோட்டக்காரர் அவளுடைய அப்பாதான். ஓய்வு பெற்ற பிறகு லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி கட்டிக் கோவா என்கிற முட்டைக்கோஸ் போட்டிருக்கிறார். 'அழகர், ஏழாம் நம்பர் லயம், கோவா, ஆயிரம் கிலோ' என்று எழுதி, அவருடைய போன் நம்பரையும் போட்டாள். அப்பாவின் பெயரை ஆங்கில எழுத்தில் திரையில் பார்த்தபோது, அவர் பெரிய வியாபாரி ஆகிவிட்டதுபோல் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விலாசத்தில்தான் வினை. கருவியின் பொது அமைப்புப் பக்கத்தில், நகலாக வைத்திருக்கும் சோதனைச் சேவையின் விலாசத்தைக் கவனமாக எழுதினாள். ஆனால் போன வெள்ளிக்கிழமை, நிஜச் சேவை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, அதன் விலாசத்தைக் கோரிக்கைக்கு உள்ளேயே எழுதியிருந்தாள். அதை அழிக்க மறந்துவிட்டாள். துரை பொதுவாக என்ன உத்தரவு போட்டாலும், மலையில் பக்கத்தில் நிற்கிற கங்காணி சொல்வதுதான் நடக்கும். கருவியும் அப்படித்தான். கோரிக்கைக்குள் தனி விலாசம் இருந்தால் பொது விலாசத்தைத் திரும்பியும் பார்க்காது.

அழுத்தினாள். பதினான்கு பேருக்கு லொறி கிடைத்தது, இருபத்தாறு பேருக்கு 'லொறி இல்லை' என்று பதில் வந்தது. கம்ப்யூட்டருக்குத் தலை சுற்றவில்லை. சந்தோஷத்தில் மாலுபான் என்கிற மீன் பன் ஒன்றை வாயில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சோதனைச் சேவையில் இருப்பது ஐந்து லொறிதானே? அவற்றின் டிரைவர்களுக்கு அவளே வைத்த பெயர்கள் கரட், பீட்ரூட், லீக்ஸ், போஞ்சி, நோக்கோல். திரையில் இருந்ததோ றவூப், சுனில் என்று அப்பா அம்மா வைத்த பெயர்கள்!

"சேர், ரத்து செய்றது எப்படி?" என்று கத்தினாள்.

"ரத்து வசதி அடுத்த மாசம்தானே செய்யப் போறோம்," என்றார் இத்ரூஸ். பிறகு திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

டிரைவர்களுக்குப் போன் அடித்தார்கள். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை ஒடிக்கிறவன் போனை எடுப்பானா? இருவரும் ஒரு த்ரீவீலைப் பிடித்துக்கொண்டு தெமோதரைக்குப் பறந்தார்கள். வழியில் இத்ரூஸ் யோசனை சொன்னார். "இங்க பாரு புள்ள. யாரோ அழகராம், மனுசன் தெரியாம நாப்பது தரம் அழுத்திட்டார்னு ராத்தாக்கிட்ட சொல்லுவம். அவர் பேரைச் சேவையில இருந்து வெட்டிவிட்டாச் சரி."

அந்த 'யாரோ' இவளுடைய அப்பா என்பது அவருக்குத் தெரியாது.

அங்கே தோட்டமே திரண்டு நின்றது. ஒரு லொறி மட்டுமே போகக்கூடிய பாதையில் பதினான்கும் ஒன்றன் பின் ஒன்றாக மாட்டிக்கொண்டு, முன்னால் போகவும் முடியாமல் பின்னால் எடுக்கவும் முடியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. அரசாங்கம் வாக்குறுதி கொடுத்த புது வீடுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போக வந்திருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, மூன்று குடும்பங்கள் பானை சட்டியைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தன. ஒரு கட்டில்கூட வந்திருந்தது.

முதல் லொறியின் பின்தட்டில் பதினொரு கோவா. பாதி இன்னும் இறுகவேயில்லை. பாத்தியில் இருந்ததை எல்லாம் வெட்டி ஏற்றிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் நின்றார் அழகர். சட்டைப் பைக்குள் போன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

லொறிகள் மாட்டிக்கொண்ட செய்தி எட்டி, ஸல்மா ராத்தாவும் ஜீப்பில் வந்து இறங்கினார். "யாரு இங்க அழகர்? ஆயிரம் கிலோ கோவாவுக்குப் பதினாலு லொறி கேட்டது யாரு?"

"நான்தாங்க வரச் சொன்னேன்," என்றார் அழகர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "கோவா கொஞ்சம் குறைஞ்சு போச்சுங்க. என் தப்புதாங்க."

டிரைவர் வந்து போனில் இருந்த செய்தியை வாசித்துக் காட்டியபோதே அப்பாவுக்கு விளங்கியிருக்கும். பண்டாரவளையில் அவருடைய லயத்து நம்பர் தெரிந்த ஆள் வேறு யார்? மகளின் வேலைக்காகப் பாத்தியையும் மொட்டையடித்து, மானத்தையும் லொறியில் ஏற்றிவிட்டார். இத்ரூஸ் அவளைப் பார்த்துக் கண்ணால் 'பேசாதே' என்றார். பேசாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை லெட்டர் கைக்கு வந்துவிடும்.

"இல்ல மெடம்," என்றாள் சுபாஜினி. "இவங்க எங்க அப்பா. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் விலாசத்தை மாத்தாம நாப்பது கோரிக்கை அனுப்பிட்டேன். இன்னொண்ணும் இருக்கு மெடம். ஒரே நம்பர்ல இருந்து எத்தனை தடவை கேட்டாலும் உங்க சேவை லொறி குடுக்குது. அதுவும் பிழைதான்."

மாட்டிக்கொண்ட நேரத்திலும் குறை கண்டுபிடிக்கிற வாயை என்ன செய்வது? இத்ரூஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

ராத்தா லொறி வரிசை ஓரமாக மெதுவாக நடந்தார். காய்ச்சல் என்று காலையில் லீவு சொன்ன றவூப், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்துகொண்டார். அடுத்த லொறிக்கு வியாழக்கிழமையிலிருந்து கியர்பெட்டி உடைந்திருந்ததாகக் கணக்கு. அதற்கடுத்தவருக்கு அன்று மாமியாரின் அடக்கம், அந்த வருடத்தில் மூன்றாவது முறையாக. ஆயிரம் கிலோ ஏற்ற ஹயர் கிடைக்கிறது என்றதும் அத்தனை பேரும் எழுந்து ஓடிவந்திருந்தார்கள்.

பதினான்காவது லொறி வரை எண்ணிவிட்டு ராத்தா திரும்பி வந்தார். "இத்ரூஸ், பன்னெண்டு வருசமா இந்தத் தொழில் செய்றன். திங்கக்கிழமையில பதினாலு பேரையும் ஒண்டா நான் கண்டதே இல்ல. இந்த மகள் கதிரையில குந்தினபடியே கொண்டாந்து நிப்பாட்டிட்டா. இவள நீ வெச்சிருக்கியா, இல்ல நான் கூட்டிட்டுப் போகவா?"

இத்ரூஸ் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலையே கையெழுத்துப் போட்டார். கூடவே, இனிமேல் சோதனையில் மனிதர் பெயரே எழுதக் கூடாது என்று சுவரில் ஒரு கடுதாசி ஒட்டினார்.

சுபாஜினி லெட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். அழகர் அதை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். டீச்சர் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார்.

"அடுத்த தடவை லொறி அனுப்புறதுன்னா ரெண்டு மாசம் முந்தியே சொல்லிட்டு அனுப்பும்மா," என்றார். "கோவா முத்த வேணாமா?"